பகல் ஒரு மணிக்குக் குசினி நின்றுவிடும்

கிளாறுஸிலிருந்து:

1988 ஆடியில் சுவிஸுக்கு வந்தேன். மார்கழியில் கிளாறுஸ் மாநிலத்தில் ஓர் உணவகக் குசினியில் வேலை கிடைத்தது. நம்மவர் பலர் தொடங்கிய அதே இடம்தான், கோப்பை கழுவுவது. பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. அப்படி ஒரு நேரத்தில் செஃப் அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனார். பின்னாலேயே மற்றச் சமையல்காரரும் போனார். பரிமாறுகிற பெண் இரண்டு தட்டுகளைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார். ஏதோ அடிபிடியாக்கும் என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி. ஒரு பெண் பனி மூடிய மலைச்சரிவில் நட்டிருந்த கம்புகளைக் கையாலும் காலாலும் தட்டித் தட்டி இறங்கிக்கொண்டிருந்தார். ஐம்பது விநாடி இருக்கும். கீழே வந்து நின்றதும் கடையே கத்தியது. செஃப் திரும்பி வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஏதோ சொன்னார். அப்போது டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், எனக்குப் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். 'ஃப்ரேனி' என்பது மட்டும் காதில் விழுந்தது.

ஃப்ரேனி ஷ்னைடர். எங்கள் மாநிலத்தின் எல்ம் என்ற ஊர்க்காரி, செருப்புத் தைப்பவரின் மகள். இளம் வயதிலேயே தாயை இழந்தவர். நான் வருவதற்கு முந்திய மாசியில்தான் கல்கரி ஒலிம்பிக்கில் ஸ்லாலொமிலும் பெரிய ஸ்லாலொமிலும் தங்கம் வென்றிருந்தார். ஸ்லாலொம் என்றால் நட்ட கம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து சறுக்கி இறங்குவது, பெரிய ஸ்லாலொமில் கம்புகள் இன்னும் தள்ளித் தள்ளி இருக்கும். ஸ்லாலொமில் இரண்டாவதாக வந்த மத்தேயா ஸ்வெத்தை விட 1.68 விநாடி வேகம். நூறில் ஒரு பங்கு விநாடியில் தங்கம் கைமாறுகிற விளையாட்டில் அது ஒரு யுகம்.

அந்த 1988/89 குளிர்காலம் முழுவதும் இதே கதைதான். பருவம் முழுக்க ஊர் ஊராக நடக்கிற உலகக் கோப்பையில் அந்த முறை நடந்த ஏழு ஸ்லாலொம் போட்டிகளையும் அவரே வென்றார். பெரிய ஸ்லாலொமில் ஆறு, வேகச் சறுக்கலையும் ஸ்லாலொமையும் சேர்த்துக் கணக்கிடுகிற கூட்டுப் போட்டியில் ஒன்று, எல்லாம் சேர்த்து 14 வெற்றி. ஸ்லாலொமில் இரண்டு ஓட்டம் உண்டு, இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் முடிவு சொல்வார்கள். இரண்டாவது ஓட்டம் அனேகமாகப் பகல் ஒரு மணியை ஒட்டி வரும். அதாவது என் தொட்டியில் கோப்பைகள் மலையாகக் குவிகிற நேரம். நானும் ஈரக்கையோடு போய் நின்று பார்க்கத் தொடங்கினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டொச்சில் நான் ஒழுங்காகப் படித்த முதல் கணக்குச் சொல்லே 'ஹுண்டர்ட்ஸ்டெல்' தான், நூறில் ஒரு பங்கு.

இந்த ஊரில் இருப்பவர்கள் யாராவது அவரைக் கண்டிருக்கிறீர்களா? அல்லது உங்களுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறதா? எழுதுங்கள்.

சூரிச்சிலிருந்து:

அண்ணை, நான் நேரில் கண்டதில்லை. ஆனால் ஒரு சொல்லால் எனக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு.

1991 முடிவில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். காற்சட்டை கட்டையாக்குவது, சிப் மாற்றுவது. கடைக்கார அம்மா வானொலியைப் போட்டுவிட்டே வேலை செய்வார். ஒருநாள் திடீரென்று 'ஐன்கெஃபேடெல்ட்!' என்று வானொலிக்காரர் அலறினார். அந்தச் சொல் எனக்கு அத்துபடி, ஊசியில் நூல் கோர்த்தாயிற்று என்று அர்த்தம். யார் ஊசியில் நூல் கோர்த்ததற்கு இந்த மனுசன் இப்படிக் கத்துகிறார் என்று யோசித்தேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அவரே இரண்டு ஊசியையும் ஒரு நூல்கட்டையையும் மேசையில் வைத்துக் காட்டினார். கம்பின் அடியில் மடங்குகிற மூட்டு இருக்கிறது. அதனால் உடம்பு கம்பை இடித்துத் தள்ளிக்கொண்டு நேர்வழியே போகலாம். ஆனால் இரண்டு ஸ்கியின் நுனியும் இரண்டு சப்பாத்தும் கம்பைச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு நுனி தப்பி மற்றப் பக்கத்தால் போனால், கம்பு இரண்டு காலுக்கும் நடுவில் வந்துவிடும். அதைத்தான் நூல் கோர்த்தது என்கிறார்கள். கோர்த்தால் போட்டி முடிந்தது. எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் கணக்கில்லை.

ஷ்னைடர் என்றால் டொச்சில் தையல்காரர். அப்பாவோ செருப்புத் தைத்தவர். அப்படியிருந்தும் அத்தனை வருடம் இந்த நூல் கோர்க்கிற பிழையைக் குறைவாகச் செய்ததுதான் அந்தப் பெண்ணின் கெட்டித்தனம் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும், 1992 அல்பேர்வில் ஒலிம்பிக்கில் ஃப்ரேனி ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பிய வாரம் கடையில் பேச்சே இல்லை.

பேர்ணிலிருந்து:

மாமா, அக்கா, நான் 1995இல் பிறந்தவன். ஃப்ரேனி ஓய்வு பெற்ற வருடம். ஆகவே எனக்கு அவர் யூட்யூப்தான். ஆனால் ஸ்லாலொம் சரிவில் நின்றிருக்கிறேன். குடிமக்கள் பாதுகாப்புச் சேவையில் இருந்தபோது அடெல்போடன் போட்டிக்கு எங்களை வேலைக்கு அனுப்பினார்கள்.

தொலைக்காட்சியில் பார்ப்பது பனி என்று நினைக்காதீர்கள். பனிக்குள்ளே தண்ணீரை ஏற்றி இறுக்கிவிடுகிறார்கள். ராத்திரிக் குளிரில் அது கல்லாகிவிடும். முதல் நாள் காலை நான் சாதாரண சப்பாத்தோடு ஓரடி வைத்தேன். எழும்பியது வேலிக்குக் கிட்ட. முள்ளுச் சப்பாத்து இல்லாமல் அங்கே நிற்கவே முடியாது. வீரர்கள் அதில் விநாடிக்கு ஒரு கம்புக்கு மேல் திரும்புகிறார்கள். போட்டிக்கு முன் பாதையைப் பார்க்க விடுவார்கள், ஓடிப் பார்க்க விடமாட்டார்கள். பக்கவாட்டில் மெல்லச் சறுக்கி இறங்குவார்கள். பிறகு மேலே போய்க் கண்ணை மூடிக்கொண்டு, கையைப் பாம்பு மாதிரி ஆட்டியபடி நிற்பார்கள். அறுபது கம்பையும் மனப்பாடம் செய்கிறார்களாம். எங்கள் அம்மா தேவாரம் பாடமாக்க வைத்தது ஞாபகம் வந்தது.

இன்னொன்று. ஃப்ரேனி காலத்து ஸ்கி கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் நீளம், நடு அதிகம் ஒடுங்காத நேர்ப்பலகை. இன்றைக்குப் பெண்களுக்கு 155 சென்ரிமீற்றர் இருந்தால் போதும், திருப்பினால் தானே வளையும். அந்தப் பலகையை வைத்துக்கொண்டு இப்படி ஓடியிருக்கிறார் என்றால், எனக்கு நம்பச் சிரமமாக இருக்கிறது.

ஆனால் மாமா கோபிக்கக்கூடாது. 14 என்ற சாதனை போய்விட்டது. 2018/19இல் அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் ஒரே பருவத்தில் 17 வென்றுவிட்டார்.

கிளாறுஸிலிருந்து:

தம்பி, தெரியும். ஒஸ்ரியாவின் மார்லிஸ் ஷில்ட் 2013 மார்கழியில் ஃப்ரேனியின் 34 உலகக் கோப்பை ஸ்லாலொம் வெற்றிகளைத் தாண்டியபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கணக்கைத் தாண்டலாம். இரண்டாவது ஓட்டத்தை என்ன செய்வது?

1994 லில்லெஹாமர் ஒலிம்பிக்கின் ஸ்லாலொமைத் தேடிப் பார். முதல் ஓட்டத்தில் ஃப்ரேனி ஐந்தாவது. அப்போது நான் வேறு குசினியில், சமையலுக்கு உயர்ந்திருந்தேன். அடுப்பைத் தணிக்கிற உரிமை இப்போது எனக்கு. தணித்தேன். தங்கம். அதே ஒலிம்பிக்கில் வெள்ளியும் வெண்கலமும் வேறு. அப்புறம் 1995 பங்குனி, போர்மியோ. அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி, அவர் வாழ்க்கையின் கடைசி உலகக் கோப்பைப் போட்டியும் அதுதான். எல்லா வகைப் போட்டிகளின் புள்ளிகளையும் கூட்டிக் கொடுக்கிற ஒட்டுமொத்தக் கோப்பைக்கு ஜேர்மனியின் காத்யா சைட்ஸிங்கர் முன்னால் நின்றார். ஃப்ரேனி அந்த ஸ்லாலொமை வென்றார். 1248க்கு 1242. ஆறு புள்ளியில் கோப்பையை எடுத்துக்கொண்டு, 30 வயதில் விளையாட்டை விட்டுவிட்டார். கறி அடிப்பிடித்துவிட்டது, அது வேறு கதை.

நேரில் கண்டீர்களா என்று வேறு சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். இல்லை. ஓய்வுக்குப் பிறகு எல்மிலேயே ஸ்கி பள்ளி நடத்தினார். என் மகளைப் பழகவிடுவோம் என்று ஒரு குளிர்காலம் கூட்டிக்கொண்டு போனேன். மகள் சின்னச் சரிவில் பிளாஸ்ரிக் கூம்புகளைச் சுற்றி இறங்கினாள், மூன்றாவதில் விழுந்தாள், அழுதாள். நான் கம்பளித் தொப்பியோடு கீழே நின்று, போகிற வருகிற பெண்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி முறைத்தபிறகு நிறுத்தினேன்.

போக விரும்புகிறவர்கள் பங்குனி நடுவில் போங்கள். ஊருக்கு எதிரே இருக்கிற மலையில் ஒரு ஓட்டை உண்டு, மார்ட்டின்ஸ்லொஹ் என்பார்கள். வருடத்தில் இரண்டு முறை, பங்குனியிலும் புரட்டாசிக் கடைசியை ஒட்டியும், காலைச் சூரியன் அந்த ஓட்டையால் வந்து நேரே தேவாலயத்தில் விழும். முகில் இல்லாமல் இருக்க வேண்டும். நான் இரண்டு தரம் போய் இரண்டு தரமும் முகில். ஷ்வாண்டனில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் எடுக்க வேண்டும், பள்ளத்தாக்கின் கடைசி ஊர் எல்ம்தான். தேத்தண்ணியைப் போத்தலில் கொண்டுபோங்கள். மேலே ஒரு கோப்பை விற்கிற விலைக்கு, அந்தக் காலத்தில் நான் ஒரு மணித்தியாலம் கோப்பை கழுவியிருக்கிறேன்.