70ஐத் தாண்டினால் தரை அதிர்கிறது, டயர் மாற்றியும் தீரவில்லை

திண்டுக்கல்வாசி:
வணக்கம் நண்பர்களே. 2007 மாடல், ஏழு சீட் டீசல் வண்டி, பின் வீல் டிரைவ். 2,86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா ஆசையாக வாங்கிய வண்டி, அவர் காலமான பிறகும் விற்க மனம் வரவில்லை.

மூன்று மாதமாக 70ஐத் தாண்டினால் அதிர்கிறது. ஸ்டீயரிங் நடுங்கவில்லை. கால் வைக்கும் தரையிலும் சீட்டுக்கு அடியிலும் ‘உர்ர்’ என்று வருகிறது, நடு சீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் தெரிகிறது. 80, 85இல் உள்கண்ணாடியில் பின்னால் வரும் லாரியே கலங்கிப் போகிறது. பின் டயர் இரண்டும் புதிது, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் முடித்தாயிற்று. 14,000 ரூபாய் போனதுதான் மிச்சம். ஒரு மெக்கானிக் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் என்கிறார், இன்னொருவர் பின் ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரமான கிரவுனை இறக்க வேண்டும் என்கிறார். அடுத்த மாதம் அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போக வேண்டும். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

பாலிடெக்னிக் வாத்தியார்:
இனி ஒரு பொருளும் வாங்காதீர்கள். அதிர்வு எதைப் பின்பற்றுகிறது என்று முதலில் தெரிய வேண்டும்: இன்ஜின் சுற்றையா, வண்டியின் வேகத்தையா, ஆக்சிலரேட்டரையா?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை மெதுவாக 2,500 சுற்று வரை ஏற்றிப் பாருங்கள். அதிர்ந்தால் மவுண்டிங் பக்கம் போகலாம். அப்புறம் வண்டி இல்லாத நேராக ஓடும் சாலையில் 85இல் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றி உருள விடுங்கள். இன்ஜினை மட்டும் அணைத்துவிடக் கூடாது, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். நியூட்ரலிலும் அதிர்வு அப்படியே இருந்தால் இன்ஜினும் கிளட்சும் கணக்கிலிருந்து கழன்றுவிடும். மிச்சம் சக்கரம், ஆக்சில், கிரவுன், கியர்பாக்ஸிலிருந்து கிரவுனுக்குப் போகும் நீள ஷாப்ட்.

அந்த ‘உர்ர்’ நீங்கள் கவனித்த நல்ல தடயம். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகும். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர், அதாவது 11 சுற்று. டயர் கோளாறு அந்த வேகத்தில் தடதடவென்று எண்ணிவிடுகிற மாதிரி வரும். கிரவுன் விகிதம் 4.1, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாப்ட் 4.1 முறை சுற்றும் என்று வைத்துக்கொண்டால் ஷாப்ட் நொடிக்கு 45 முறை சுற்றும். அது தரையில் ரீங்காரமாகத்தான் கேட்கும்.

திண்டுக்கல்வாசி:
இன்று காலை வத்தலக்குண்டு சாலையில் பார்த்துவிட்டேன் சார். நிற்கும்போது 3,000 வரை ஏற்றினாலும் அமைதி. 85இல் நியூட்ரலுக்கு மாற்றியும் ‘உர்ர்’ போகவில்லை, வேகம் 65க்கு இறங்கியதும்தான் நின்றது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கொஞ்சம் கூடுகிறது.

வாடகை வண்டி ஓட்டுநர்:
புது டயரிலேயே உள்ளே கம்பி விலகி மேடு தட்டி வருவதுண்டு, எனக்கு நடந்திருக்கிறது. முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். காசு செலவில்லை.

திண்டுக்கல்வாசி:
மாற்றிப் பார்த்தேன் அண்ணே. அதே இடம், அதே சத்தம்.

லேத் பட்டறை:
தம்பி, மூன்று மாதத்துக்கு முன்னால் வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள்?

திண்டுக்கல்வாசி:
கிளட்ச் பிளேட் மாற்றினோம். அது சம்பந்தப்படுமா அண்ணே?

லேத் பட்டறை:
கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதற்கு ஷாப்டைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் அடையாளக் கோடு போடாமல் விட்டால், நடுவில் நீண்டு சுருங்கும் பல் இணைப்பு ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிடும். பார்த்தால் தெரியாது.

ஷாப்ட் முனைகளில் கூட்டல் குறி மாதிரி இருக்கும் கிராஸ் ஜாயின்ட் வளைந்து சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். வாத்தியாருக்குத் தெரியும், ஹூக்ஸ் ஜாயின்ட் என்று பாடத்தில் வருவதுதான். முன்னது கூட்டுவதைப் பின்னது கழித்துவிடும். அதற்கு, நடு பேரிங்குக்குப் பின்னால் உள்ள ஷாப்டின் இரண்டு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேரில் இருக்க வேண்டும். தள்ளியிருந்தால் கழியாது, அதிர்வாகத் தரைக்கு வரும்.

சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் நிற்கும் பள்ளமான பிட்டில் நின்று பாருங்கள். கவைகள் நேரா? கிராஸ் மூடியைச் சுற்றித் துருப்பொடி இருக்கிறதா? ஷாப்டைக் கையால் முறுக்கினால் ‘டக்’ என்கிறதா? நடு பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருக்கிறதா? இந்த ஓட்டத்துக்கு கிராஸும் தேய்ந்துதான் இருக்கும். தள்ளிப்போட வேண்டாம் தம்பி. முன்பக்கம் கிராஸ் உடைந்தால் ஷாப்ட் ரோட்டில் ஊன்றிவிடும்.

திண்டுக்கல்வாசி:
அண்ணே, நீங்கள் சொன்னதேதான்! வேறொரு பட்டறையில் பிட்டில் ஏற்றினோம். நடுக் கவையும் பின் கவையும் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு விலகியிருந்தன. பின் கிராஸ் மூடி ஓரத்தில் செங்கல் நிறத்தில் துருப்பொடி. கழற்றிக் கையில் வைத்து ஆட்டினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து விழுந்து எழுகிறது, உள்ளே கிரீஸே இல்லை. நடு பேரிங் ரப்பர் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டோம். கிராஸ் இரண்டும் புதிதாகப் போட்டு, கவைகளை நேராக்கி, வெள்ளை பெயின்டில் கோடும் போட்டுவிட்டேன். கூலியோடு 3,400 ரூபாய்.

கொடைரோடு வரை 90இல் போய் வந்தேன். உள்கண்ணாடியில் பின்னால் வந்த பேருந்தின் ஊர்ப்பலகையை வாசிக்க முடிந்தது. 95க்கு மேல் மட்டும் மெல்லிய ரீங்காரம் இருக்கிறது.

லேத் பட்டறை:
மனசுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. அந்த மிச்சம் ஷாப்ட் பேலன்சாக இருக்கலாம். ஷாப்டில் பேலன்சுக்காக ஒட்டியிருந்த சின்னத் தகட்டுத் துண்டு ஏதாவது விழுந்த தடம், குழாயில் நசுங்கல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் பேலன்சிங் மெஷின் உள்ள இடத்தில் கொடுங்கள். புது கிராஸில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால் திருச்செந்தூர் கிளம்பும் முன் ஒருமுறை கிரீஸ் அடித்துவிடுங்கள், நான்கு மூடியிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வரும் வரை.

திண்டுக்கல்வாசி:
நிப்பிள் இருக்கிறது அண்ணே. சனிக்கிழமை அடித்துவிடுகிறேன்.