டயாலிசிஸ்: அம்மாவை எப்படித் தேற்றுவது?

கேள்வி: அம்மாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாததால் டயாலிசிஸ் (இயந்திரம் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கிவிட்டது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ‘நன்றியோடு இருங்கள்’ என்று வாட்ஸப்பில் வந்ததைக் காட்டினேன், எரிந்து விழுந்தார். நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: தம்பி, முதலில் அந்த வாட்ஸப்பை நிறுத்துங்கள். ஊசி குத்தும்போது யாருக்கு நன்றி வரும்? எனக்கு ஊசியைவிடத் தாகம்தான் கொடுமை; தண்ணீர் அளவாகத்தானே குடிக்கணும். சின்ன ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வேன்; அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்க்கணும். காலையில் எழுந்ததும் கையிலுள்ள ஃபிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடத்தை, தொட்டுப் பார்ப்பேன். உர்ரென்று அதிர்ந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். “சரி, இன்னைக்கும் வேலை செய்யுது” என்பேன். என் நம்பிக்கை, நன்றி எல்லாம் அவ்வளவுதான்.

பதில்: என் அப்பாவுக்கு இளநீர் இல்லையே என்ற ஏக்கம். அதைக் குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுமாம். டயாலிசிஸ் முடிந்து வந்ததும் சூடாக இரண்டு இட்லி கொடுத்தால் முகம் மலரும்.

கேட்டவர்: அக்கா, அம்மாவுக்கு ஃபிஸ்டுலா இல்லை, இன்னும் கழுத்தில் போட்ட குழாய் வழியாகத்தான் டயாலிசிஸ்.

பதில்: அப்படியென்றால் அந்த இடம் நனையக் கூடாது. குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கூட்டிப் போங்கள். அப்புறம், நாளைக்கு அவருக்குப் பிடித்த பழைய பாட்டுகளை ஃபோனில் ஏற்றிக் கொடுத்தனுப்புங்கள்.