புதுப்பிப்பு: கீசரை நாள் முழுக்க ஆனில் வைக்கலாமா?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: எங்கள் 15 லிட்டர் கீசர் எப்போதும் ஆனில் இருக்கிறது, அப்படியே விடலாமா, குளிக்கும் முன் போட்டால் போதுமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

‘ஒரு வாரம் இப்படி, ஒரு வாரம் அப்படி ஓட்டி அளந்து பாருங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது. 16 ஆம்பியர் பிளக்கில் யூனிட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை மாட்டினேன். மூன்று பேர், காலையில் மட்டும் குளியல். நாள் முழுக்க ஆனில் இருந்த வாரம் 11 யூனிட். குளிக்க அரை மணி முன் போட்ட வாரம் 7.5 யூனிட். யாரும் தொடாத நேரத்திலும் தொட்டி ஆறுவதும் மறுபடி சுடுவதுமாக இருந்திருக்கிறது. அரை மணி கூட அதிகம்தான்; சென்னைத் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்பு, 2 கிலோவாட் எலிமெண்ட் (தண்ணீரைச் சுடவைக்கும் கம்பி) இருபது நிமிடத்துக்குள் 60 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும்.

எதிர்பாராதது ஒன்று. சமையலறைக் குழாயில் சுடுதண்ணீர் வரத் தாமதம் என்றுதான் ஆனிலேயே வைத்திருந்தோம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! கீசரிலிருந்து அங்கே 12 மீட்டர் அரை இஞ்சுக் குழாய். அதில் நிற்கும் ஒன்றரை லிட்டர் பச்சைத்தண்ணீர் வெளியேறிய பிறகுதான் சூடு வரும், கீசர் எப்படி இருந்தாலும்.

அப்புறம், பிளம்பர் திறந்து பார்த்தபோது எலிமெண்ட் மேல் சுண்ணாம்பு மாதிரி உப்பு. போர் தண்ணீர், வேறென்ன. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைக்கும் ஆனோடு (anode) கம்பியும் கரைந்துபோயிருந்தது, மாற்றியாயிற்று. எவ்வளவு சூடு என்று வைக்கும் தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியிலிருந்து 60-க்கு இறக்கிவிட்டேன். சூடு கூடினால் உப்பு இன்னும் வேகமாகப் படியுமாம்.