கிங்க்ஸ் குழுவின் ‘லோலா’: கேலியா, காதலா?

பழைய ரிக்கார்டு: 1970-ல் கிங்க்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு வெளியிட்ட இந்தப் பாட்டைப் புரட்சிப் பாட்டு என்று தூக்கிப் பிடிக்கிறார்கள். கதை என்ன? லண்டன் சோஹோவில் ஒரு கிளப். விவரம் தெரியாத பையன் லோலாவோடு ஆடுகிறான். பெண்ணின் நடை, ஆணின் குரல், கட்டிப்பிடித்தால் முதுகெலும்பு நொறுங்குவது போன்ற பிடி. கடைசியில் லோலா ஆண் என்று போட்டு உடைக்கிறார் பாட்டை எழுதிப் பாடிய ரே டேவிஸ். நல்ல நகைச்சுவை, அவ்வளவுதான்.

தாழம்பூ: சிரிப்பு வருகிறது, சரி. யாரைப் பார்த்து? தடுமாறுவது முழுக்க அந்தப் பையன்தான். உலகமே குழம்பிக் கிடக்கிறது, லோலாவைத் தவிர என்று அவனே பாடுகிறானே!

பழைய ரிக்கார்டு: கடைசி வரியை ஏன் விட்டுவிட்டீர்கள்? ‘நான் ஆண் என்பதில் எனக்கு மகிழ்ச்சி, லோலாவும் அப்படியே.’ இதற்கு மேல் என்ன ரகசியம்?

தாழம்பூ: எப்படியே? லோலாவும் ஆண் என்கிறானா, அவன் ஆணாக இருப்பதில் லோலாவுக்கும் மகிழ்ச்சி என்கிறானா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. லோலா திருநங்கையா, பெண் வேடமிட்ட ஆணா என்றும் பாட்டு சொல்வதில்லை. அவனுக்கு லோலா எப்போதும் ‘அவள்’தான்.

கடைசி பெஞ்ச்: காலத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமல்ல என்று சட்டம் வந்ததே 1967-ல். அதுவும் 21 வயது நிரம்பியவர்களுக்கு, நாலு சுவருக்குள் மட்டும். மூன்றே வருடத்தில் இந்தப் பாட்டு பிரிட்டன் பாட்டுத் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. பிபிசி முரண்டு பிடித்தது எதற்கு? பாட்டில் வரும் கோகோ கோலா என்ற பெயருக்கு! விளம்பரமாகிவிடுமாம். டேவிஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு நடுவே லண்டனுக்குப் பறந்து வந்து ‘செர்ரி கோலா’ என்று மாற்றிப் பாடிக் கொடுத்தார்.

பழைய ரிக்கார்டு: பிபிசிக்கே உறுத்தவில்லை என்றால், வேடிக்கைப் பாட்டு என்றுதானே விட்டிருப்பார்கள்? பொறி தட்டிய கதையை டேவிஸே சொல்லியிருக்கிறார். குழுவின் மேனேஜர் ராபர்ட் வேஸ் விடியும்வரை ஒரு பெண்ணோடு ஆடினாராம். வெளியே வந்ததும், அவள் முகத்தில் தாடி முளைத்திருந்ததைக் கவனித்தாயா என்று டேவிஸ் கேட்டாராம்.

தாழம்பூ: மீதியையும் சொல்லுங்கள். கவனித்தேன் என்றாராம் மேனேஜர். அலட்டிக்கொள்ளவே இல்லை.

பழைய ரிக்கார்டு: போதையில் இருந்தார் ஐயா! அதைப் போய்த் தத்துவமாக்குகிறீர்கள்.

தாழம்பூ: மேனேஜரை விடுங்கள், பாட்டுக்கு வருவோம். பையன் லோலாவைத் தள்ளிவிட்டுக் கதவு வரை போகிறான், விழுகிறான், மண்டியிடுகிறான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இது இப்படியே இருக்கட்டும் என்கிறான். கேலிப் பாட்டாக இருந்தால் அவன் அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பான்.