வயல் எலிக் கறி: மூத்திர வாடையும் ரப்பர் பதமும் வராமல் செய்வது எப்படி?

குடமுருட்டி கேட்டது:
சம்பா அறுப்பு முடிந்து எலி கொழுத்திருக்கும் நேரம். மூன்று சந்தேகம். வைக்கோல் தீயில் வாட்டிச் சுத்தம் செய்தாலும் குழம்பில் மூத்திர வாடை நிற்கிறதே, ஏன்? வெந்த பிறகும் கறி ரப்பராக இழுப்பது எதனால்? பக்கத்து வயலில் மருந்து வைத்திருந்தால் எலியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

வெண்ணாற்றங்கரை:
வாடைக்குக் காரணம் பெரும்பாலும் அடுப்பில் இல்லை, எலி செத்த நேரத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்க் கிட்டியை (மூங்கில் எலிப்பொறி) பொழுது சாய வைத்தால் இரவு 8 மணிக்கே மாட்டிச் செத்துவிடலாம். விடிந்து எடுக்கும்போது குடலோடு 10 மணி நேரம் கிடந்த கறி அது. வயிறு உப்பியோ அடிவயிறு பச்சை பூத்தோ இருந்தால் புதைத்துவிடுங்கள். கறிக்கு ஏற்றது வளை வெட்டி உயிரோடு பிடித்த எலிதான். புது மண் தள்ளியிருக்கும் வளையில்தான் ஆள் இருக்கும். மற்ற வாய்களை அடைத்துவிட்டு வெட்டுங்கள். கையை மட்டும் உள்ளே விடவே கூடாது, எலி வளையில் நல்ல பாம்பும் குடியிருக்கும்.

வாட்டும்போது தீ சிறிதாக இருக்கட்டும், புரட்டிக்கொண்டே இருங்கள். ஒரே பக்கம் காட்டினால் தோல் வெடித்து, கருகிய முடி கறியில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாது. வாட்டியதும் கத்தியின் முதுகால் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவிய பிறகே வயிற்றைத் திறக்க வேண்டும். கத்தி நுனியை மேல்நோக்கிப் பிடித்துத் தோலை மட்டும் கீறுங்கள். நுனி உள்ளே இறங்கி மூத்திரப்பை உடைந்தால் நீங்கள் சொல்கிற அதே வாடைதான்.

ஓடம்போக்கி:
தீக்குப் பதில் வெந்நீரும் போதும். கொதிக்கிற தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு நிமிடம் முக்கினால் முடி கையோடு வரும், உண்ணியும் தெள்ளும் செத்துவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் வெந்து முடியோடு கிழியும்.

மருந்து விஷயத்தில் கண்ணை நம்பாதீர்கள். துத்தநாக பாஸ்பைடு தின்ற எலி சில மணி நேரத்தில் சாகும், வயிற்றைத் திறந்தால் பூண்டு போல நெடி அடிக்கும். அந்த வாயுவே விஷம், மூடிய இடத்தில் வெட்டக் கூடாது. புரோமோடயலோன் அப்படியில்லை. தின்ற எலி 4, 5 நாள் நன்றாக ஓடித் திரியும், கிட்டியிலும் மாட்டும். உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் தெரியும், முதல் இரண்டு நாளில் எதுவும் தெரியாது. ஈரலில் மாதக்கணக்கில் தங்கும், வேகவைத்தாலும் அழியாது. "மருந்து வைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது" என்பதெல்லாம் கணக்கே இல்லை. எலி வரப்பு தாண்டி மேயும், ஆகவே சுற்றியுள்ள வயல்காரர்களிடமும் கேளுங்கள். யாராவது வைத்திருந்தால் அந்தப் பருவம் அங்கே பிடிக்க வேண்டாம். வயலில் செத்துக் கிடப்பதைத் தொடவே கூடாது.

இன்னொன்று, எலிக்காய்ச்சல் வருவது வெந்த கறியால் அல்ல, வெட்டும்போது கைப் புண்ணிலும் கண்ணிலும் படும் மூத்திரத்தால். ரப்பர் கையுறை கட்டாயம். பிறகு ஒரு மாதத்துக்குள், பெரும்பாலும் 5 முதல் 14 நாளில், காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் உடனே மருத்துவரிடம் போய், எலி அறுத்ததைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நாள் போய்விடும்.

மன்னை மண்சட்டி:
ரப்பர் பதத்துக்கு வருகிறேன். எலிக்குத் தோலடியில் கொழுப்பு இருந்தாலும் சதை மெலிந்தது. முதலிலேயே எண்ணெயில் போட்டு வறுத்தால் தோல் சுருங்கி இறுகும். முதலில் நீரில் வேக வேண்டும், வறுவல் கடைசியில்.

சுத்தம் செய்த கறி 1 கிலோவுக்கு 8 முதல் 10 எலி பிடிக்கும். தலை, வால், பாதம் நீக்கி, மூட்டு பார்த்து நான்காக அறுங்கள். அரிவாளால் கொத்தினால் எலும்பு சில்லு தெறித்துத் தொண்டையில் மாட்டும். மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, கல் உப்பு, 2 டம்ளர் தண்ணீர் சேர்த்து மண்சட்டியில் மூடி 40 நிமிடம். குக்கரில் என்றால் 4 விசில். தக்காளியோ புளியோ இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

மிளகு 2 மேசைக்கரண்டி, சீரகம் 1, மல்லி 2, வரமிளகாய் 6 வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டியில் சோம்பு, கால் கிலோ சின்ன வெங்காயம், 12 பல் பூண்டு, விரலளவு இஞ்சி, 2 தக்காளி வதக்கி, மசாலாவும் வெந்த கறியும் அந்த நீரோடே ஊற்றி 15 நிமிடம் சுண்ட விடுங்கள். தொடையைக் கிள்ளினால் எலும்பை விட்டுக் கழல வேண்டும், இளஞ்சிவப்பே இருக்கக் கூடாது.

குடமுருட்டி:
ஈரலைத் தனியாக வறுக்கலாமா? வளையில் கிடைக்கும் நெல்லை என்ன செய்வது?

ஓடம்போக்கி:
ஈரல் வேண்டாம். மருந்து தங்கும் இடம் அது. வெள்ளை மணி போலக் கட்டி தெரிந்தால் நாடாப்புழுக் கூடு. சிறுநீரகத்தையும் எடுத்துவிடுங்கள், எலிக்காய்ச்சல் கிருமி குடியிருப்பது அங்கேதான். வளை நெல்லில் மூத்திரமும் புழுக்கையும் கலந்திருக்கும். நன்றாக அலசி, புழுக்கி, வெயிலில் காயவைத்து அரைத்தால் சாப்பாட்டுக்கு ஆகும். பூசணம் பிடித்திருந்தால் புழுக்கினாலும் சரியாகாது, கோழிக்கும் போடாதீர்கள்.