சாத்தூர் வீடு (குடும்பக் குழு)

சென்னைச் சித்தப்பா: செல்வி நிச்சயத்துக்கு இரண்டரை மாதம்தான் இருக்கிறது. வாசலில் அந்தப் பொட்டல் கண்ணை உறுத்துகிறது. புல்தரை போட்டுவிடலாமா? ஐநூறு சதுர அடி. செலவு என்னுடையது.

செல்வி: 😍 சூப்பர் சித்தப்பா

அம்மா: தண்ணி?

சென்னைச் சித்தப்பா: போர் இருக்கிறதே மதினி.

அம்மா: உப்பு. போன தடவை குளித்துவிட்டு யார் திட்டியது?

சிவகாசி அத்தை: காலை வணக்கம் 🌹

சிவகாசி மாமா: மாப்பிள்ளை, கோபிக்காமல் கேளுங்கள். ஐநூறு சதுர அடி என்றால் 46 சதுர மீட்டர். இந்த வெயிலுக்குப் புல் மீட்டருக்கு 5 லிட்டராவது குடிக்கும். ஆக ஒரு நாளைக்கு 230 லிட்டர், பிளாஸ்டிக் குடத்தில் 15 குடம். உப்புத் தண்ணி ஊற்றினால் மண் மேலே வெள்ளை பூத்துவிடும், புல் நுனி கருகும். அதிலும் நம்முடையது கரிசல். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் ஊதும்.

நான்: மாமா செய்தியில் 'மேலும் படிக்க' வந்துவிட்டது 😂

சென்னைச் சித்தப்பா: அப்படியானால் பேவர் பிளாக் போடுவோம் அத்தான்.

சிவகாசி மாமா: வாசல் அடுப்பாகும். பெய்கிற மழையும் தெருவுக்குப் போகும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றபோது குழாய் மாட்டியதோடு சரி, குழியைத் தூர்வாரினோமா? மாடி ஆயிரம் சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 930 லிட்டர் வரும்.

நான்: அந்தக் குழி மேல்தான் பெரியப்பா டைல்ஸ் அடுக்கியிருக்கிறார்.

பெரியப்பா: வேறு இடம் யார் கொடுத்தீர்கள்?

சிவகாசி அத்தை: வேப்பமரம் இருந்தவரை இந்தப் பேச்சே இல்லை. அப்பா கட்டிலை அங்கேதான் போடுவார்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: வேர் சுவரைத் தூக்கியது. எல்லோரிடமும் கேட்டுத்தான் வெட்டினேன்.

சிவகாசி அத்தை: என்னிடம் கேட்கவில்லை.

அம்மா: விடுங்கள் மதினி. சேவு யார் சொல்வது? பத்து கிலோ போதுமா?

மீனா அக்கா: பதினைந்து. மாப்பிள்ளை வீட்டார் மதுரை.

சென்னைச் சித்தப்பா: சரி, மரமே வைப்போம். கோனோகார்பஸ் நாலு. எங்கள் அபார்ட்மெண்டில் மளமளவென்று வளர்ந்துவிட்டது.

சிவகாசி மாமா: 2025இல் அதற்கு அரசே தடை போட்டாகிவிட்டது மாப்பிள்ளை.

நான்: சித்தப்பா மூன்றாவது முறையும் அவுட் 😂

சிவகாசி மாமா: மேற்கே ஒரு புங்கை, சுவரை விட்டு 15 அடி தள்ளி. சாயங்கால வெயில் வீட்டில் விழாது. காம்பவுண்ட் ஓரம் காகிதப்பூ, நந்தியாவட்டை, நடுவில் ஆவாரை. ஆவாரைக்கு வேர் பிடித்துவிட்டால் யாரும் தண்ணி காட்ட வேண்டாம். செடி பக்கத்தில் மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணி ஊற்றி மூடிவைத்தால் கசிந்து கசிந்து வேருக்குப் போகும். தூரைச் சுற்றித் தேங்காய் மட்டையைப் பரப்ப வேண்டும். மரக்கன்று மட்டும் ஐப்பசி மழையோடு வைப்பது நல்லது.

செல்வி: நிச்சயம் ஆவணியில் மாமா 😭 போட்டோவில் குச்சிதான் தெரியும்.

அம்மா: நர்சரியில் பூத்த தொட்டி வாடகைக்குத் தருவார்கள்.

பாட்டி: 🎤 0:41

சென்னைச் சித்தப்பா: ஆபீசில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. என்ன சொல்கிறார்கள்?

மீனா அக்கா: முன்பக்கம் முருங்கை வைக்கக் கூடாதாம். அரளியும் வேண்டாமாம், விஷம், பிள்ளைகள் வாயில் வைக்கும். அப்புறம், பாத்திரம் கழுவுகிற தண்ணி முன்னே வாழைக்குப் போனதே, இப்போது எங்கே போகிறது என்று கேட்கிறார்கள்.

அம்மா: சாக்கடைக்கு.

சிவகாசி மாமா: அதைத் திருப்பிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சிவகாசி அத்தை: நான் சொன்னால் மட்டும் சரியாக இருக்காது 🙂

சென்னைச் சித்தப்பா: எல்லாம் சரி. படம் எடுக்க மட்டும் பத்துக்குப் பத்து புல் போடலாமா?

சிவகாசி மாமா: 46 லிட்டர். தினம் 3 குடம்.

அம்மா: யார் ஊற்றுவது?

சிவகாசி அத்தை: அண்ணன் டைல்ஸை எப்போது எடுப்பார்?

பெரியப்பா: 👍

நான்: 👍 என்றால் எப்போது பெரியப்பா?

மீனா அக்கா: அப்பா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

செல்வி: அம்மா, தையல்காரர் ஜாக்கெட் அளவு கேட்கிறார், உடனே அனுப்பு