இடுப்பு மூட்டுத் தேய்மானம்: நோன்பன்னைக்குத் தரையில மாட்டிக்கிட்டேன். உங்களுக்கு எப்படி?

பட்டாலைத்தூண்:
போன பிள்ளையார் நோன்பு, நம்ம நகரத்தார் வீடுகள்ல பெரியவுக கையால இழை வாங்குற நாள். நடுவீட்டுல எல்லாரோடவும் தரையில உக்காந்திருந்தேன். என் முறை வந்துச்சு, எந்திரிக்க முடியலை. சம்மணத்தைப் பிரிக்கவே முடியலை. பெரிய மாமா கையில இழை, அதான் இனிப்பு மாவுல நூல்திரி வச்சுக் கொளுத்தி அப்படியே வாயில போடுறது, எரிஞ்சுக்கிட்டு நிக்குது, மொத்த வளவும் என்னையே பாக்குது. கடைசியில 83 வயசு மனுசன் குனிஞ்சு வந்து என் கையில குடுத்தாக. எனக்கு 58. வாயில போட்டது இனிச்சுச்சா சுட்டுச்சான்னு கூட நினைவில்லை.

அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் முழங்காலுக்குத்தான் தைலம். முழங்கால் எக்ஸ்ரேயில ஒண்ணுமே இல்லை. நோன்பு கழிச்சுப் பாத்த டாக்டர் படுக்க வச்சு, முட்டியை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாத் திருப்புனார். தொடை இடுக்குல சுருக்குன்னு ஏறி, கத்திட்டேன். "முழங்கால் வலின்னு வந்துட்டு எங்கம்மா கத்துறீங்க?"ன்னார். இடுப்பு மூட்டு வலி முழங்கால்ல வந்து நிக்குமாம். யாருக்காவது இப்படி?

கொட்டான்காரி:
எனக்கும் அதே கதைதான் ஆச்சி. எனக்கு வலியை விட மானம் போனது கால் நகத்துலதான். வலது பாதம் கைக்கு எட்டாது. மெட்டியைத் திருகிப் போடவும் முடியாது. மருமக கிட்ட காலை நீட்ட மனசு வரலை. ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நகவெட்டியோட உக்காந்துட்டாக. ஒவ்வொரு விரலுக்கும் முகப்புப் பக்கம் யாரும் வர்றாகளான்னு ஒரு பார்வை. 36 வருசக் குடித்தனத்துல அவுக என் பாதத்தைப் பாத்ததே அன்னைக்குத்தான்னு நினைக்கிறேன்.

தேவகோட்டை மகன்:
பட்டாலைத்தூண் ஆச்சி, கோவிக்காதீக. ரெண்டு வருசம் தைலம் தேச்சது யார் தப்பு? எங்க ஆத்தாவும் இப்படித்தான். ஒரு வருசமா வலிக்கிற பக்கத்துக் கையிலேயே கம்பு. வலது இடுப்புன்னா இடது கையிலதான் கம்பு பிடிக்கணும், அப்பத்தான் மூட்டுல பாரம் குறையும். காலையில எந்திரிச்சதும் வர்ற விறைப்பு அரை மணிக்குள்ள விட்டா பெரும்பாலும் தேய்மானம்தான். ஒரு மணி நேரம் தாண்டுனா முடக்கு வாதமான்னு ரத்தம் பாருங்க. கட்டில் உயரம், நாற்காலி உயரம் ரெண்டையும் கூட்டுங்க. கீழ உக்கார்ற கக்கூசை இன்னைக்கே மாத்துங்க. எடையைக் குறைங்க, பலகாரத்தை விடுங்க. ஆபரேசனுக்கு ஏன் பயப்படணும்? இங்கிலாந்துல சார்ன்லிங்கிற டாக்டர் 1962-லயே செயற்கை மூட்டு வச்சுட்டார். அதுவரைக்கும் நடையைக் குறைச்சுப் படுத்து ஓய்வெடுங்க.

குன்றக்குடிப் படி:
தம்பி, கம்பு விசயம் சரி. கடைசி வரி தப்பு. அந்தப் பேச்சைக் கேட்டு நான் 7 மாசம் கட்டிலோட கிடந்தேன். தொடை சூம்பிப் போச்சு, வலி அப்படியே இருந்துச்சு. பிசியோகாரப் பொண்ணுதான் ஒருக்களிச்சுப் படுத்துக் காலைத் தூக்கச் சொல்லி, கொஞ்சங் கொஞ்சமா நடக்கவும் விட்டுச்சு. படிக்கட்டுல ஏறையில நல்ல கால் முன்னாடி, இறங்கையில நோவுற கால் முன்னாடி. பிறகுதான் குன்றக்குடி மலையேறிச் சண்முகநாதரைப் பாத்தேன், பாதிப் படியில உக்காந்து எந்திரிச்சு.

அந்தப் பொண்ணு வோமாக்னு ஒரு கேள்வித்தாள் வச்சிருந்துச்சு. 24 கேள்வி. வலிக்கு 5, விறைப்புக்கு 2, மிச்சம் 17 அன்றாட வேலைக்கு. சாக்ஸ் மாட்ட எவ்வளவு சிரமம், கழட்ட எவ்வளவு சிரமம்னு ரெண்டு கேள்வி அதுல. பொறந்ததுல இருந்து சாக்ஸே போட்டதில்லைன்னேன். சம்மணம் போட முடியுதா, குத்தவைக்க முடியுதான்னு ஒண்ணு கூட இல்லை. நம்ம ஆச்சிமாருக்கு நடுவீட்டுக் கோலம் போட முடியுதான்னுல்ல கேக்கணும்? நிலைப்படி தாண்டுறதையும் சேத்துக்கலாம். எங்க வீட்டுல வாசல்ல இருந்து இரண்டாங்கட்டுக்குப் போறதுக்குள்ள அஞ்சு நிலை. ஒவ்வொண்ணுலயும் கதவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தாண்டுறேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே ஓரத்துல எழுதிக்கிட்டுச்சு.

பட்டாலைத்தூண்:
தேவகோட்டைத் தம்பிக்கு: தப்பு யாருதுன்னு கேக்கலை, அனுபவம்தான் கேட்டேன். பலகாரத்தை விடச் சொன்னதுக்குத்தான் கோவம்.

குன்றக்குடி ஆச்சி, அந்தப் பயிற்சியைப் பொறுமையா எழுதுங்க. நோன்புக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. நடுவீட்டுல நாற்காலி போடலாமான்னு கேக்கத்தான் நேத்துப் பெரிய மாமாவுக்குப் போன் போட்டேன். "நாற்காலியில உக்காரு, தரையில உக்காரு, உன் இஷ்டம். நான்தான் வந்து குடுப்பேன்ல?"ங்கிறாக. இப்ப 84.